ஏஞ்சலின் சாபமும் அவனை நம்பியவர்களும்

திருந்திய ரத்தக்காட்டேரி என்று பேச்செடுத்தால் ஏஞ்சலைத் தொடாமல் போக முடியாது. 1997இல் தொடங்கிய 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடரில் இருட்டில் வந்து துப்புச் சொல்லிவிட்டு மறையும் ஆளாக அறிமுகமாகி, 1999 அக்டோபரில் 'ஏஞ்சல்' என்ற தனித் தொடருக்கு நாயகனாகி, 2004 மே 19 வரை ஐந்து சீசன்களில் 110 அத்தியாயங்கள் ஓடியவன். அவனைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்றுதான்: சந்தோஷப்பட்டால் ஆன்மா போய்விடும், அதனால் காதலிக்கக் கொடுத்துவைக்காதவன்.

இது பாதி உண்மை. ஐந்து சீசனையும் வரிசையாகப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரியவரும். ஆன்மா போனதால் அவனைச் சுற்றியிருந்தவர்களுக்கு நேர்ந்தது கொடூரம்தான், ஆனால் அது எப்போதோ ஒருமுறை நடப்பது. ஆன்மா இருக்கும்போதே, நல்ல எண்ணத்தோடே, யாரையும் கேட்காமல் பிறருக்காக அவன் முடிவெடுத்ததால் நேர்ந்தவை அடிக்கடி நடந்தவை, நீண்ட காலம் நின்றவை. போகப்போக இந்தப் பழக்கம் அவனிடமிருந்து கூட்டாளிகளுக்கும் தொற்றுகிறது. தொடரின் பெரிய உடைசல்கள் எல்லாமே இங்கிருந்துதான் கிளம்புகின்றன. (கடைசி அத்தியாயம்வரை எல்லாமே இங்கே பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.)

சாபம் எப்படி வேலை செய்கிறது

அயர்லாந்தின் கால்வே நகரில் 1727இல் பிறந்த லியாம் என்ற குடிகாரப் பிள்ளையை 1753இல் டார்லா என்ற காட்டேரி கடித்து மாற்றுகிறாள். இந்தக் கதையுலகின் விதிப்படி, செத்தவனின் ஆன்மா போய்விடும். உடம்பையும் நினைவுகளையும் ஒரு பேய் எடுத்துக்கொள்ளும். அந்தப் பேயின் பெயர் ஏஞ்சலஸ். ஐரோப்பா முழுக்கக் கொன்று திரிந்தவன் 1898இல் ருமேனியாவில் கால்டராஷ் குலத்துப் பெண் ஒருத்தியைக் கொல்கிறான். அந்தக் குலத்தார் ஆன்மாவைத் திரும்ப அவன் உடம்பில் ஏற்றிவிடுகிறார்கள். அவனைத் திருத்துவது அவர்கள் நோக்கமே இல்லை. செய்ததை எல்லாம் நினைத்து நினைத்து அவன் வேக வேண்டும், அவ்வளவுதான். ஒரு கணமாவது முழு நிம்மதி அடைந்துவிட்டால் தண்டனைக்கு அர்த்தமில்லை என்பதால், அந்தக் கணத்தில் ஆன்மா தானாகவே கழன்றுவிடும்படி சாபம் அமைந்திருக்கிறது.

உடலுறவு வைத்தால் சாபம் முறியும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொடரே இதை நான்கு முறை சோதித்துப் பார்க்கிறது. 1998இல் காட்டேரி வேட்டைக்காரி பஃபியின் காதலில் எல்லாப் பாரத்தையும் மறந்த ஒரு கணத்தில் ஆன்மா போகிறது. 2000இல் ஒரு நடிகை அவனுக்குத் தெரியாமல் மயக்க மருந்து கலந்து கொடுக்கிறாள். மருந்து தந்த போலி இன்பத்தில் ஏஞ்சலஸின் பேச்சும் குணமும் மேலே வருகின்றன, ஆன்மா போகவில்லை. 2001 பிப்ரவரியில் டார்லாவோடு ஓர் இரவைக் கழிக்கிறான். ஆன்மா அசையவே இல்லை, ஏனென்றால் அவன் அவளிடம் போனது விரக்தியின் அடிமட்டத்தில் நின்றுகொண்டு. 2003இல் ஆன்மாவை வேண்டுமென்றே எடுப்பதற்காக ஒரு மந்திரவாதி அவனை ஒரு கனவுக்குள் அனுப்புகிறான். அந்தக் கனவில் என்ன இருக்கிறது என்று கவனித்தால் அவன் மனம் புரியும். மகனோடு சமாதானம், கூட்டாளி வெஸ்லியோடு சமாதானம், எல்லோரும் ஒன்றாக நின்று ஜெயிப்பது, கடைசியாக அவன் விரும்பிய கூட்டாளி கார்டீலியா. காதல் மட்டும் அவனுக்குப் போதவில்லை. நண்பர்கள் மன்னித்திருக்க வேண்டும். அப்போதுதான் நிம்மதி முழுமையாகிறது.

ஆன்மாவைத் திரும்ப ஏற்ற மூன்று வேண்டும்: தெசுலா உருண்டை என்ற ஒரு கண்ணாடிக் கோளம், தொலைந்துபோன சடங்கின் வாசகம், அதை நடத்தும் திறமுள்ள ஒருவர். கோளம் கடையில் கிடைக்கிறது. நூலகர் ஜைல்ஸ் அதைக் காகிதம் பறக்காமல் இருக்க மேசைமேல் வைத்திருந்தார். கிடைக்காதது வாசகம்தான். அதைக் கணினியில் மொழிபெயர்த்து முடித்த அன்றிரவே பஃபியின் பள்ளிக் கணினி ஆசிரியை ஜென்னி காலண்டரை ஏஞ்சலஸ் கொல்கிறான். அச்சடித்த தாள்களை எரிக்கிறான், கணினியை உடைக்கிறான். மேசை இடுக்கில் விழுந்து கிடந்த ஃப்ளாப்பி மட்டும் அவன் கண்ணில் படவில்லை.

ஜென்னி அதே கால்டராஷ் குலத்தவள், அவனைக் கண்காணிக்க அனுப்பப்பட்டவள். அதை அவள் பஃபியிடம் சொல்லவில்லை. சந்தோஷ நிபந்தனையை அவள் குலத்தார் அவளுக்கே காலம் கடந்துதான் சொல்கிறார்கள். அந்த நிபந்தனையைத் தெரிந்தவர்கள் ஒருவர் வாயைத் திறந்திருந்தாலும் 'பஃபி' இரண்டாம் சீசனின் பாதிச் சாவுகள் நடந்திருக்காது.

பஃபி

ஃப்ளாப்பி கையில் கிடைத்த தோழி வில்லோ சடங்கை மறுபடி முயலப்போகிறாள், அதுவரை தாக்குப்பிடி என்று பஃபியிடம் சொல்லச் சொல்லி நண்பன் சாண்டரை அனுப்புகிறார்கள். அவன் போய்ச் சேர்ந்து, அதைச் சொல்லாமல், ஏஞ்சலஸை அடித்து நொறுக்கச் சொன்னாள் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறான். பஃபி கொல்லும் வெறியோடு சண்டையில் இறங்குகிறாள். நரகத்தின் வாசல் திறக்கத் தொடங்கிவிடுகிறது. அதன்பிறகு சடங்கு பலிக்கிறது, ஏஞ்சலின் கண்ணில் ஆன்மா திரும்புகிறது. வாசலை மூட அவன் ரத்தம் மட்டுமே வழி என்பதால், எதுவும் புரியாமல் விழிப்பவனை முத்தமிட்டுக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு வாளைச் செருகுகிறாள். சாண்டர் உண்மையைச் சொல்லியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது இன்றுவரை ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் விஷயம். என் கணிப்பில் அவள் தயங்கியிருப்பாள், தயங்கியிருந்தால் தோற்றும் இருக்கலாம். ஆனால் அந்தத் தயக்கம் அவள் உரிமை. அதை வேறொருவன் பிடுங்கிக்கொண்டான்.

அடுத்த வருடம் நரகத்திலிருந்து திரும்பிய ஏஞ்சல் அதே பிசகைத் தன் பங்குக்குச் செய்கிறான். பஃபியின் அம்மா ஜாய்ஸ் அவனைத் தனியே சந்தித்து, மகளின் எதிர்காலத்தை யோசிக்கச் சொல்கிறாள். அவள் கேட்டதில் தப்பில்லை. பள்ளி முடிக்கப்போகும் பெண் ஒரு பக்கம், வயது ஏறாத, பகலில் வெளியே வர முடியாத, 270 வயதைத் தாண்டிய ஆள் மறுபக்கம். அந்த ஜோடியைக் கனவுக் காதலாகப் பார்ப்பவர்கள் இந்த இடைவெளியைக் கண்டுகொள்வதில்லை. அவன் பிரிவது சரியான முடிவுதான். ஆனால் அதைக் கூடிப் பேசி எடுக்கவில்லை. தானே முடித்துவிட்டு, சாக்கடைச் சுரங்கத்தில் நடந்துகொண்டிருக்கும்போது அவளிடம் அறிவிக்கிறான்.

இதன் உச்சம் தனித் தொடரின் எட்டாவது அத்தியாயமான 'ஐ வில் ரிமெம்பர் யூ', 1999 நவம்பர். மோரா என்ற அசுரனின் ரத்தம் கலந்ததால் ஏஞ்சல் மனிதனாகிவிடுகிறான். வெயிலில் நிற்கிறான், சாப்பாட்டை ருசிக்கிறான், பஃபியோடு ஒரு நாள் முழுக்க இருக்கிறான். அசுரன் திரும்பி வரும்போதுதான் சிக்கல். மனித உடம்பால் சண்டை போட முடியவில்லை, அவனைக் காப்பாற்றப் பஃபி இரட்டை ஆபத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. அவன் மேலுலகச் சக்திகளின் தூதர்களான ஆரக்கிள்களிடம் போய் அந்த நாளையே அழிக்கச் சொல்கிறான். நாள் திரும்பும், அவனுக்கு மட்டும் நினைவிருக்கும். பஃபிக்கு இது தெரியவரும்போது மிச்சம் இருப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். மறக்கமாட்டேன் என்று அவள் அழுதுகொண்டிருக்கும்போதே மணி திரும்பிவிடுகிறது. இதைத் தியாகம் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. தியாகம்தான். ஆனால் அவள் வாழ்க்கையின் ஒரு நாளை அவளிடம் கேட்காமல் எடுத்துக் கொடுத்த தியாகம். மூன்றரை வருடம் கழித்து மகன் விஷயத்தில் அவன் செய்யப்போவதற்கு இது ஒத்திகை.

வாசற்படி

காட்டேரிக்கு உள்ள விதிகளில் கதாசிரியர்கள் மிக நன்றாகப் பயன்படுத்தியது வீட்டு வாசல் விதி. வீட்டில் குடியிருக்கும் ஒருவர் அழைக்காமல் காட்டேரி உள்ளே நுழைய முடியாது. கடை, பள்ளி போன்ற பொது இடங்களுக்கு இது பொருந்தாது. வீட்டுக்காரர் இறந்துவிட்டாலும் தடை அறுந்துவிடும். ஒருமுறை அழைத்தால் அது நிரந்தரம், ரத்து செய்யத் தனிச் சடங்கு வேண்டும்.

'ஏஞ்சல்' முதல் சீசனின் 'த ப்ராடிகல்' அத்தியாயத்தில் இந்த விதி இரண்டு தடவை வருகிறது. 1753இல் சவக்குழியிலிருந்து எழுந்து வந்தவனை, அண்ணன் தேவதையாகத் திரும்பி வந்திருக்கிறான் என்று நம்பிக் குட்டித் தங்கை கேத்தி உள்ளே அழைக்கிறாள். குடும்பமே அழிகிறது. அதே அத்தியாயத்தின் நிகழ்காலத்தில், போலீஸ் துப்பறிவாளர் கேட் லாக்லியின் அப்பாவை அவர் வீட்டுக்குள்ளேயே காட்டேரிகள் கொல்ல, காப்பாற்ற ஓடிவந்த ஏஞ்சல் அழைப்பில்லாமல் வாசலில் நிற்கிறான். அவர் உயிர் போனதும் தடை விலகுகிறது. உள்ளே போக முடிவதே அவர் செத்துவிட்டார் என்பதற்கு அடையாளம்.

ஒரு வருடம் கழித்து கேட் மாத்திரைகளை விழுங்கிவிட்டு அவனுக்குப் போன் செய்கிறாள். அவன் கதவை உடைத்து உள்ளே போய் அவளைத் தூக்கி, ஷவருக்கு அடியில் பிடித்து உயிர் பிழைக்க வைக்கிறான். தான் அவனை அழைக்கவே இல்லை என்பது அவளுக்குப் பிற்பாடுதான் உறைக்கிறது. தொடர் இதற்கு விளக்கம் தருவதில்லை, தராமல் விட்டதே நல்லது. கேட் அவனுக்குக் காதலியும் ஆகவில்லை, கூட்டாளியும் ஆகவில்லை. இரண்டுக்கும் நடுவில் தொங்கிய உறவு அது. அவள் வேலையை இழந்தது அவனோடு சேர்ந்ததால்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டார்லா

அவனை உருவாக்கியவள், சுமார் ஒன்றரை நூற்றாண்டு கூடவே இருந்தவள். ஆன்மா வந்த பிறகும் 1900இல் சீனாவில், பாக்ஸர் கலகத்தின் நடுவே, அவளிடமே திரும்பிப்போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான். ஒரு கைக்குழந்தையைக் கொன்று காட்டச் சொல்கிறாள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். அதாவது சாபம் விழுந்ததும் திருந்திவிட்டான் என்று சொல்ல முடியாது. பழைய கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்த்து, முடியாமல் விலகியவன்.

தீய சக்திகளின் வுல்ஃப்ராம் அண்ட் ஹார்ட் சட்ட நிறுவனம், இறந்துபோயிருந்த அவளை 2000 மே மாதம் மனுஷியாக உயிர்ப்பிக்கிறது. மனித உடம்போடு அவளுடைய பழைய சிஃபிலிஸ் நோயும் திரும்புகிறது. அவளைக் காப்பாற்ற அவன் மூன்று சோதனைகளைத் தாண்டுகிறான். ஆனால் அவள் ஏற்கெனவே ஒருமுறை உயிர்ப்பிக்கப்பட்டவள் என்பதால் பரிசு செல்லாமல் போகிறது. சாவை ஏற்க அவள் தயாராகும் நேரத்தில், ஏஞ்சலஸ் உருவாக்கிய காட்டேரியான ட்ருசில்லாவைக் கொண்டுவந்து அவளை மறுபடி கடிக்க வைக்கிறார்கள்.

இதற்குப் பழிவாங்க 2000 டிசம்பரில் ஏஞ்சல் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. நிறுவனத்தின் வக்கீல்கள் கூடியிருந்த மது நிலவறையில் டார்லாவும் ட்ருசில்லாவும் நிற்கிறார்கள். அவன் கதவை வெளியே இழுத்துப் பூட்டிவிட்டுப் போகிறான். மனிதர்கள் சாவதை அறிந்தே விட்டுவிட்ட அந்த இரவில் அவனுக்கு ஆன்மா இருந்தது. கூட்டாளிகளான கார்டீலியா, வெஸ்லி, கன் மூவரும் தட்டிக் கேட்கிறார்கள். மூவரையும் அங்கேயே தன் துப்பறியும் நிறுவன வேலையை விட்டு நீக்குகிறான்.

வேலைப் பிரிவினை தெரிந்தால்தான் இதன் முட்டாள்தனம் புரியும். யாருக்கு ஆபத்து என்று மேலுலகச் சக்திகள் அனுப்பும் காட்சி கார்டீலியாவுக்கு வருகிறது. எதிரில் இருப்பது என்ன, எதனால் சாகும் என்பது வெஸ்லியின் புத்தக அறிவு. தெருவும் ஆள்பலமும் கன். ஏஞ்சலிடம் இருப்பது வலுவும் சாகாத உடம்பும் மட்டுமே. மூவரும் இல்லாமல் அவனுக்கு எங்கே போவதென்றே தெரியாது. அவர்களோ அவனில்லாமல் கடையைத் தொடர்ந்து நடத்துகிறார்கள், வெஸ்லி வயிற்றில் குண்டடி பட்டுச் சக்கர நாற்காலிக்குப் போன பிறகும்.

திரும்பி வந்தபோது ஏஞ்சல் மன்னிப்புக் கேட்பதோடு நிற்கவில்லை. உங்களிடம் வேலை பார்க்கிறேன் என்கிறான். தலைமை வெஸ்லிக்குப் போகிறது, முதலாளி தொழிலாளியாகிறான். ஐந்து சீசனில் அவன் செய்த பரிகாரங்களில் உருப்படியானது இது ஒன்றுதான், ஏனென்றால் முடிவெடுக்கும் இடத்தையே விட்டுக்கொடுத்தான்.

கார்டீலியா

அவளுக்குக் காட்சிகள் வந்த கதையிலேயே கேட்காமல் கொடுத்தல் இருக்கிறது. பாதி அசுரனான டாயில் ஒன்பதாவது அத்தியாயத்தில் உயிரைக் கொடுக்கப் போகும்முன் முத்தமிடுகிறான், அந்த முத்தத்தில் காட்சிகள் அவளுக்குக் கைமாறுகின்றன. அசுர ரத்தம் தாங்கக்கூடிய வலியை மனித மூளை தாங்காது. ஒவ்வொரு காட்சியும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது. ஸ்கேன் அறிக்கைகளையும் மாத்திரைகளையும் அவள் ஒளித்து வைத்திருந்தது 2002 ஜனவரியில் வெளிப்படுகிறது. காட்சிகளை விட மனமில்லாமல், பாதி அசுரப் பெண்ணாக மாறச் சம்மதிக்கிறாள். அவளைக் கேட்டு நடந்த ஒரே மாற்றம் இதுதான் என்று நினைத்தால், இதுவும் பின்னால் அவளைப் பயன்படுத்திக்கொள்ள விரித்த வலை என்று நான்காம் சீசன் சொல்கிறது. அந்த சீசனில் கார்டீலியாவுக்குச் செய்தது கதையிலும் அநியாயம், எழுத்திலும் அநியாயம்.

இந்தக் காதல் பஃபியின் காதலைவிடப் பெரியதா என்ற சண்டைக்குள் போக வேண்டாம். வித்தியாசம் மட்டும் தெளிவு. பஃபி அவனை இருட்டில் சந்தித்தாள். கார்டீலியா அவனுடைய வாடகைக் கணக்கையும், குளிர்பெட்டியில் இருக்கும் பன்றி ரத்தத்தையும், வாடிக்கையாளரிடம் காசு கேட்கக் கூச்சப்படும் சுபாவத்தையும் பார்த்துப் பழகியவள். உண்மையை முகத்துக்கு நேரே சொன்னவளும் அவள்தான். 2002 மே மாதம் கடற்கரையில் சந்தித்து மனம்விட்டுப் பேச இருவரும் கிளம்புகிறார்கள். அவள் மேலுலகத்துக்குப் போய்விடுகிறாள். அவனை அவன் மகனே இரும்புப் பெட்டியில் அடைத்துக் கடலில் இறக்கிவிடுகிறான்.

நூறாவது அத்தியாயத்தில், 2004 பிப்ரவரியில், கோமாவிலிருந்து எழுந்து வந்து ஒரு நாள் அவனை வழிக்குக் கொண்டுவருகிறாள். கிளம்பும்போது முத்தமிடுகிறாள். போன் அடிக்கிறது. அவள் கண் விழிக்காமலேயே இறந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி. அந்த முத்தத்தில், டாயில் செய்ததைப் போலவே, கடைசிக் காட்சி ஒன்று அவனுக்குக் கைமாறியிருக்கிறது.

வெஸ்லி

கூட்டாளிகளில் மிகக் கனமான உறவு இது. 1999இல், வேட்டைக்காரிகளை வழிநடத்தும் வாட்சர் கவுன்சில் துரத்திவிட்ட கோமாளியாக மோட்டார் சைக்கிளில் வந்தவன், மூன்றாம் சீசனில் ஏஞ்சலின் குழந்தையைத் திருடுகிறான். எப்படி அந்த இடத்துக்கு வந்தான் என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

2001 நவம்பரில் டார்லா ஒரு சந்தில், தன்னையே கட்டையால் குத்திக்கொண்டு, ஏஞ்சலின் மகன் கானரைப் பெற்றுக் கொடுக்கிறாள். இரண்டு காட்டேரிகளுக்கு மனிதக் குழந்தை பிறப்பது நடக்காத காரியம் என்பதால் வெஸ்லி தீர்க்கதரிசனங்களைப் புரட்டுகிறான். தந்தை மகனைக் கொல்வான் என்று ஒரு வரி கிடைக்கிறது. அது சாஜான் என்ற அசுரன் திருத்தி எழுதிய வரி. அந்தக் குழந்தை வளர்ந்து சாஜானைக் கொல்லும் என்பதே அசல். வெஸ்லிக்கு அது தெரியாது. மூன்று அறிகுறிகள் வரும் என்று அறிகிறான்: நிலநடுக்கம், நெருப்பு, ரத்தம். அவர்கள் தங்கியிருந்த ஹோட்டல் குலுங்குகிறது, தீப்பிடிக்கிறது, அவன் கண்ணெதிரே ஏஞ்சலின் தலைக்காயத்து ரத்தம் குழந்தையின் போர்வையில் சொட்டுகிறது. இதே நாட்களில் ஏஞ்சல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறான், குழந்தையைப் பார்த்துச் சாப்பாட்டு நகைச்சுவை பேசுகிறான். சட்ட நிறுவனம் அவன் குடிக்கும் பன்றி ரத்தத்தில் கானரின் ரத்தத்தைக் கலந்துவந்தது பிறகுதான் தெரியவருகிறது.

கிடைத்த ஆதாரம் அத்தனையும் ஒரே பக்கம் கைகாட்டின. வெஸ்லியின் தவறு தப்பாகக் கணித்தது அல்ல. கூட்டத்தில் இருந்த ஃப்ரெட் என்ற பெண்ணிடமோ கன்னிடமோ ஒரு வார்த்தை சொல்லாதது. ஃப்ரெட் கன்னைத் தேர்ந்தெடுத்த மனக்கசப்பு வேறு அவனுக்குள் இருந்தது, அதனால் சொல்ல ஆளில்லை என்று நினைத்துக்கொண்டான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியே கிளம்புகிறான். ஹோல்ட்ஸ் என்ற காட்டேரி வேட்டைக்காரனின் கையாளான ஜஸ்டின் அவன் கழுத்தை அறுத்துப் பூங்காவில் போட்டுவிட்டுக் குழந்தையைப் பறிக்கிறாள். ஏஞ்சலஸால் குடும்பத்தை இழந்த ஹோல்ட்ஸ் அதை வாங்கிக்கொண்டு க்வார்டாத் என்ற நரகத்துக்குள் குதிக்கிறான். அங்கே காலம் வேகமாக ஓடுவதால் குழந்தை சீக்கிரமே வளர்ந்த பிள்ளையாகத் திரும்பி வருகிறது.

ஆஸ்பத்திரிக் காட்சியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஏஞ்சல் கட்டில் அருகே உட்கார்ந்து அமைதியாகப் பேசுகிறான். நீ ஏன் செய்தாய் என்று புரிகிறது என்கிறான். இப்போது பேசுவது ஏஞ்சலஸ் அல்ல, நான்தான், அது உனக்குத் தெரிய வேண்டும் என்கிறான். பிறகு தலையணையை எடுத்து வெஸ்லியின் முகத்தில் அழுத்துகிறான். இந்தத் தொடரில் கொலைவெறிக்கு எப்போதும் ஒரு சாக்கு உண்டு: அது நானல்ல, ஆன்மா இல்லாதவன். அந்தச் சாக்கை அவனே கழற்றி வைத்துவிட்டுச் செய்கிறான். பிறகு ஃப்ரெட் வந்து தீர்க்கதரிசனமே பொய் என்று சொல்லி, ஹோட்டலுக்கு வராதே என்று எச்சரித்துவிட்டுப் போகிறாள். கழுத்தில் கட்டோடு கிடப்பவனால் பதிலுக்குப் பேசவும் முடியாது.

மூன்று மாதம் கடலடியில் கிடந்த ஏஞ்சலைத் தேடி எடுப்பதும் இதே வெஸ்லிதான். படகில் வைத்துத் தன் கையைக் கீறி ரத்தம் கொடுத்து, ஹோட்டலில் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டு, ஒரு வார்த்தை உறவாடாமல் போய்விடுகிறான். அவனும் சுத்தமானவன் இல்லை. இடம் தெரிந்துகொள்ள ஜஸ்டினை அலமாரிக்குள் அடைத்து வைத்திருந்தான். இருவரும் சமாதானப் பேச்சு என்று உட்கார்ந்ததே இல்லை. வேலை வருகிறது, சேர்ந்து செய்கிறார்கள், பழசு தூர்ந்துபோகிறது. இந்த இழையை மட்டும் பார்க்க விரும்பினால் மூன்றாம் சீசனின் 15, 16, 17, 22ஆம் அத்தியாயங்கள், நான்காம் சீசனின் முதல் அத்தியாயம், ஐந்தாம் சீசனின் 18ஆவது என்ற வரிசை போதும்.

அந்த 18ஆவது ஏன் என்றால், 2003 மே மாதம் ஏஞ்சல் செய்த பேரத்தின் கணக்கு அங்கேதான் தீர்க்கப்படுகிறது. நரகத்தில் வளர்ந்து மனம் உடைந்து உடம்பில் வெடிகுண்டு கட்டி நிற்கும் கானருக்கு நல்ல குடும்பமும் புதுக் கடந்தகாலமும் தர, சட்ட நிறுவனத்தின் கிளையை ஏற்று நடத்த ஒப்புக்கொள்கிறான். விலையாக எல்லோர் மூளையிலிருந்தும் கானர் அழிக்கப்படுகிறான். தன் கழுத்து ஏன் அறுபட்டது என்பதற்கான உண்மைக் காரணமே வெஸ்லிக்குத் தெரியாமல் போகிறது. பஃபியிடம் எடுத்தது ஒரு நாள். இங்கே நாலைந்து பேரிடம் வருடங்கள். ஃப்ரெட் இறந்தபின் ஒப்பந்தத் தாள்களைக் குடையும் வெஸ்லி, இந்தப் பேரத்தில்தான் அவள் விற்கப்பட்டாளோ என்று சந்தேகித்து, நினைவுகளை அடைத்த கண்ணாடிப் பெட்டியைத் தரையில் அடித்து உடைக்கிறான். ஃப்ரெட் திரும்பவில்லை. தான் குழந்தையைத் திருடியது மட்டும் ஞாபகத்துக்கு வருகிறது.

ஃபெயித், ஸ்பைக், நீனா

கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொடரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2000 வசந்தத்தில், பஃபியைப் போல இன்னொரு வேட்டைக்காரியான ஃபெயித் வெஸ்லியைச் சித்திரவதை செய்துவிட்டு, மழையில் ஏஞ்சலோடு சண்டை போட்டு, கொன்றுவிடு என்று கதறுகிறாள். அவன் கொல்லவும் இல்லை, அறிவுரையும் சொல்லவில்லை. சாப்பிட வைத்துத் தூங்க வைக்கிறான், பஃபியின் கோபத்தைத் தாங்குகிறான், முடிவை அவளிடமே விடுகிறான். அவள் தானாகவே போலீஸில் சரணடைகிறாள். 2003இல் ஏஞ்சலஸ் வெளியே வந்தபோது சிறையிலிருந்து தப்பி வந்து, அவன் கடிப்பான் என்று தெரிந்தே மந்திர மருந்தைத் தன் ரத்தத்தில் ஏற்றிக்கொண்டு அவனை வீழ்த்துபவளும் அவள்தான். ஏஞ்சல் உதவியவர்களில் உறவு கெடாமல் நின்றது இவள் ஒருத்தியோடுதான் என்று சொல்லலாம்.

இன்னொரு காட்டேரியான ஸ்பைக் வேறு ரகம். ஆன்மாவைத் தேடிப் போய்ச் சோதனைகள் தாண்டி வாங்கி வந்தவன். தனக்குத் தண்டனையாக வந்ததை இவன் விரும்பி வாங்கினான் என்பது ஏஞ்சலை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆன்மா உள்ள காட்டேரியைப் பற்றிய தீர்க்கதரிசனத்தின் நாயகன் யார் என்று இருவரும் ரத்தம் சொட்ட அடித்துக்கொண்டு, ஸ்பைக் ஜெயித்துக் குடித்த புனிதக் கிண்ணத்தில் இருந்தது மவுண்டன் டியூ. ஓநாய்ப் பெண் நீனாவோடு வந்தது நிதானமான உறவு. முழு நிம்மதி வந்துவிடுமோ என்று அவன் பயப்பட, பெரும்பாலானோர் ஓரளவு சந்தோஷத்தோடுதான் வாழ்கிறார்கள் என்று வெஸ்லி தெளியவைக்கிறான். கடைசிச் சண்டைக்கு முன் அவளுக்கும் அக்கா குடும்பத்துக்கும் விமான டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்து ஊரைவிட்டு அனுப்புகிறான். இதையும் அவன் கேட்டுச் செய்யவில்லை.

கைதூக்கிய வாக்கு

கார்டீலியாவின் கடைசிக் காட்சி காட்டியது கறுப்பு முள் வட்டம் என்ற ரகசியக் கூட்டத்தை. அதற்குள் நுழைய ஏஞ்சல் கெட்டுப்போனவனாக நடிக்கிறான், நண்பர்களிடம்கூட. சந்தேகத்தின் எல்லையில் அவர்கள் அவன் அறைக்குள் நுழைந்தபோது, வெளியே கேட்காமலிருக்க ஒரு மாயத்தைப் போட்டுவிட்டு உண்மையைச் சொல்கிறான். வட்டத்தை ஒரே இரவில் கொல்லலாம், ஆனால் நாம் பிழைப்பது சந்தேகம். இதற்கு அவன் உத்தரவு போடவில்லை. வாக்கு கேட்கிறான். முதலில் கை தூக்குவது ஸ்பைக். ஒவ்வொருவராகத் தூக்குகிறார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் திருந்திவிட்டான் என்று எழுதி முடிக்கலாம். ஆனால் வாக்குக்கு வராத ஒரு வேலையும் அந்த இரவில் இருந்தது. சட்ட நிறுவனத்தின் பழைய வக்கீல் லிண்ட்சி மெக்டொனால்டைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டு ஒரு பொறுப்பையும் கொடுத்த ஏஞ்சல், வேலை முடிந்ததும் அவனைக் கொல்லும்படி லோர்னிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறான். லோர்ன் ஒரு கரோக்கி பார் நடத்தியவன், பாடுபவரின் மனதைப் படிப்பவன், சண்டைக்காரனே அல்ல. இது முடிந்ததும் போய்விடுவேன், பிறகு நீங்கள் கூடும் சந்தில் என்னைத் தேடாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். லிண்ட்சியைச் சுடுகிறான். என்னைக் கொல்ல ஏஞ்சல் வர வேண்டாமா, நீயா என்று திகைத்தபடியே லிண்ட்சி சாகிறான். லோர்ன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வெளியேறுகிறான். வெஸ்லி, வட்டத்தைச் சேர்ந்த சைவஸ் வெயிலின் வீட்டில் இறந்துகொண்டிருக்கும் அதே இரவில், கன் வயிற்றில் காயத்தோடு சந்துக்கு வந்து சேரும் அதே இரவில், லோர்ன் மட்டும் சொன்னபடி வரவில்லை.